மாட்டுத்தொட்டியும் மின்விளக்கும்

ஆண்டுதோறும் டிசெம்பர் 25-ம் திகதி தவறாது வருகின்றது. அத்துடன் நத்தாரும் வருகின்றதா என்பதே நமது வினா.

நவம்பர் முடியுமுன்னரே கடைத்தெருக்களில் மின்விளக்குகள் ஒளிவிடுகின்றன. மலிவு விற்பனை விளம்பரங்கள் காதைத் துளைக்கின்றன. 26-ம் திகதி விடிந்ததும் பண்டிகை முடிந்துவிட்டதென்கின்றனர். திருச்சபையின் நாட்காட்டியோ இதற்கு நேர்மாறானது. நத்தாருக்கு முந்திய நான்கு வாரங்களும் திருவருகைக் காலம். மனந்திரும்பிக் காத்திருக்கும் காலம். 25-ம் திகதியிலேதான் கொண்டாட்டம் தொடங்குகின்றது. வணிகர் வகுத்த நாட்காட்டியைக் கைக்கொண்டு, தம் முன்னோர் வகுத்ததைக் கைவிட்டவர் யார்? கிறிஸ்தவர்களே அல்லரோ?

“இது ஆத்மீகத் திருநாள், இதில் உலக விவகாரங்களைக் கலக்கலாகாது” என்று சில பெரியோர் உபதேசிக்கின்றனர். லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை அவர்கள் ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும். உரோமப் பேரரசன் அகுஸ்து விதித்த குடிசன மதிப்புக் கட்டளையோடு அது தொடங்குகின்றது. அக்கட்டளைக்குப் பணிந்து நிறைகர்ப்பிணியொருத்தி நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் பயணமாகின்றாள். சத்திரத்தில் இடமில்லை. பிறந்த பாலகனை மாட்டுக்குத் தீனியிடும் தொட்டியிற் கிடத்துகின்றாள். அச்செய்தி முதன்முதல் எட்டியது எவருக்கு? அரண்மனைக்கன்று, ஆலயக் குருமாருக்குமன்று. இராக்காலத்தில் மந்தை காத்துக் கிடந்த இடையருக்கே எட்டியது. பனியிலே வயற்காவல் இருக்கும் நம் கமக்காரர் அவர்களை எளிதில் அறிந்துகொள்வர்.

இறைவன் மனிதனானான் என்பதே நத்தாரின் உட்பொருள். ஆத்மீகமென்பது உடலையும் உலகையும் மறப்பதாயின், இறைவன் உடலெடுத்து உலகிற்கு வந்ததேன்? பசியும் குளிரும் உணரும் ஓர் ஏழைக் குழந்தையாக அவன் வந்தானென்று விசுவசிப்பவர், பசித்தவனையும் குளிரில் நடுங்குபவனையும் அலட்சியஞ் செய்ய உரிமையற்றவர். பாலன் குடிலின் முன் முழந்தாளிட்டு, வாயிலில் நிற்கும் ஏழையை விரட்டுபவன் தன் விசுவாசத்தைத் தானே மறுதலிக்கின்றான்.

இன்னுமொன்று கூறுவோம். நத்தாரின் மறுநாளை, கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் வேதசாட்சி புனித முடியப்பருக்கு மேற்குத் திருச்சபை அளித்தது. 28-ம் திகதியை, ஏரோது மன்னன் கொல்வித்த பெத்லகேம் குழந்தைகளுக்கு அளித்தது. தொட்டிலுக்கருகே இரத்தத்தையும் நினைவூட்டிய இவ்வேற்பாடு தற்செயலானதென்று நாம் கருதவில்லை. அதிகாரம் ஒரு குழந்தையைக் கண்டும் அஞ்சும்; அஞ்சினால் கொல்லும். அக்குழந்தையின் குடும்பமும் எகிப்துக்கு அகதியாக ஓட நேர்ந்ததென மத்தேயு கூறுகின்றார்.

இது நமக்கு அந்நியமான கதையா? 2005-ம் ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தினுள்ளே, பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கைத் தொடரப்போவதில்லையெனச் சட்டமா அதிபர் தரப்பு அறிவித்ததைத் தொடர்ந்து, 2021 சனவரியில் குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். விடுதலைத் தீர்ப்பு ஒரு வழக்கை முடிக்கும். கொன்றவர் யாரென்ற கேள்வியை முடிக்காது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரின் அழுகை, பெத்லகேம் தாய்மாரின் அழுகையே.

ஆகவே கிறிஸ்தவ சகோதரர்களைக் கேட்கின்றோம்: விளக்கேற்றுங்கள், கீதம் பாடுங்கள், பலகாரம் பகிருங்கள், அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆயின் 26-ம், 28-ம் திகதிகளையும் கொண்டாடுங்கள். நீதி கேட்டு நிற்கும் வீடுகளின் படலையைத் திறந்து உள்ளே செல்லுங்கள். தொழுவத்திற் பிறந்தவரைத் தேடுவோர் செல்லவேண்டிய வழி அதுவே.