ஹோலோகிராமும் விளையாடுகிறவரின் கண்ணும்

மெய்நிகர் விளையாட்டில் எதிராளி ஐம்பது கஜ தூரத்தில் ஒளிந்து நின்றாலும், மேஜையிலிருந்து எடுத்துப் படிக்கவேண்டிய கடிதம் மூக்குக்கு ஒரு சாண் எதிரே இருந்தாலும், ஹெட்செட்டின் வில்லைகள் கண்ணுக்கு அளிக்கிற குவியத்தளம் ஒன்றேதான். பெரும்பாலான கருவிகளில் அது ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் நிலையாக நிற்கிறது. விழிகள் இரண்டும் கடிதத்தை நாடி உள்முகமாகத் திரும்ப, விழிவில்லைகளோ தொலைவிலுள்ள அந்தத் தளத்தை விடாமல் பற்றியிருக்க, இயற்கை ஒன்றாகப் பிணைத்த இரு செயல்களும் ஒன்றோடொன்று பிணங்குகின்றன. இவ்விதப் பிணக்கு கண்ணுக்குச் சோர்வு தருவதோடு பார்வைத் திறனையும் குறைக்கிறது என்பதை ஹாஃப்மனும் மார்ட்டின் பாங்க்ஸும் அவர்களுடைய சகாக்களும் 2008ல் சோதித்துக் காட்டினார்கள். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு விழிவில்லை இறுகிக் குவியத்தை மாற்றும் சக்தி குன்றிவிடுகிறபடியால், இந்த உபத்திரவம் அவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைச் செம்மைப்படுத்த எண்ணி டென்னிஸ் காபர் 1947ல் கண்ட ஹோலோகிராம் தத்துவம் இதற்குப் பரிகாரமாகக்கூடியது. ஒளியின் வீச்சோடு கட்டத்தையும் சேர்த்து அலைமுகத்தையே மீட்டுத் தருவதால், விழிவில்லை எந்தத் தூரத்தை நாடுகிறதோ அந்தத் தூரத்துப் பொருள் ஹோலோகிராமில் தானாகவே தெளிகிறது. விளையாடுகிறவரின் பார்வைக்குறையைக் கணக்கிலேயே சேர்த்துத் திருத்திவிட்டால் மூக்குக்கண்ணாடிக்கும் அவசியமில்லை; மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2017ல் இதைச் செய்து காட்டினார்கள். கணக்கின் பளுவும் முன்போல் அச்சுறுத்துவதில்லை. சாதாரண ஜி.பி.யூ. ஒன்றைக்கொண்டே நொடிக்கு 60 வண்ண ஹோலோகிராம்களை எம்.ஐ.டி. குழுவினர் 2021ல் கணித்துவிட்டார்கள்.

அப்படியானால் கடைகளில் இந்தக் கருவி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு, இடையூறு பிக்சலின் எண்ணிக்கையிலேயே இருக்கிறது என்றுதான் விடை சொல்லவேண்டும். ஹோலோகிராமைத் தாங்கி ஒளியைப் பிக்சல்தோறும் மாற்றியனுப்பும் எஸ்.எல்.எம். தகட்டின் பிக்சல் இடைவெளி 8 மைக்ரோமீட்டராகவும், ஒளி 520 நானோமீட்டர் பச்சையாகவும் இருந்தால், விளிம்பு விளைவால் ஒளி விரியும் கோணம் மொத்தத்தில் 4 பாகைகூட இல்லை. வில்லையை வைத்து அதைப் பெருக்கலாம். ஆனால் கோணம் பெருகப் பெருக, கண் நிற்கவேண்டிய இடமாகிய ஐபாக்ஸ் சுருங்கிக்கொண்டே வரும். 3840 பிக்சல் அகலமுள்ள தகட்டைக்கொண்டு விளையாட்டுக்கு வேண்டிய 100 பாகைக் காட்சியைக் கொடுக்க முற்பட்டால் ஐபாக்ஸ் 1.3 மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது. விழி 10 பாகை திரும்பினாலே கண்மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுமாதலால், பக்கவாட்டில் வரும் பகைவனைக் கடைக்கண்ணால் பார்க்க முயன்ற மறுகணமே காட்சி முழுவதும் மறைந்துபோகும். 100 பாகைக் காட்சியும் 10 மில்லிமீட்டர் ஐபாக்ஸும் ஒருங்கே வேண்டுமென்றால் ஒவ்வொரு திசையிலும் 29,000க்கு மேற்பட்ட பிக்சல்கள், அதாவது மொத்தம் ஏறக்குறைய 87 கோடி, தேவைப்படும். லேசர் ஒளியின் பொரிப்பொரியான புள்ளித்தோற்றம் வேறு இருக்கிறது. அதற்கு வழிகள் உண்டு.

என்விடியாவும் ஸ்டான்ஃபோர்டும் 2022ல் வெளியிட்ட மாதிரிக்கருவியின் ஒளியியல் அடுக்கு 2.5 மில்லிமீட்டர் கனமே உடையது. அதை அமைத்தவர்கள் காட்சிக்கோணம் 22.8 பாகை என்பதையும், நிலையான ஐபாக்ஸ் 2.3 மில்லிமீட்டர் என்பதையும் ஒளிக்காமல் ஒருங்கே அச்சிட்டார்கள். அந்த நேர்மை எல்லோரிடமும் இல்லை. கண்ணின் போக்கைக் கவனித்து ஐபாக்ஸையே கூடவே நகர்த்துகிற யுக்தியே இப்போதைக்கு உசிதமானது என்பது நம் அபிப்பிராயம். ஆயினும் நிதானமாகப் படிக்கும் கண்ணுக்குப் போதுமான வேகம், விளையாட்டில் துள்ளும் கண்ணுக்குப் போதாது.

ஆகையால் இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள், காட்சிக்கோணத்தையும் ஐபாக்ஸையும் ஒரே அமைப்பில் ஒரே சமயத்தில் அளந்து தரவேண்டுமென்றும், கண்மணியின் அளவுள்ள துளையைக் காமிராவுக்கு வைத்து, அதைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்பவேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறோம். விளையாட்டை அமைக்கிறவர்களும், தம் ஆட்டத்தில் கைக்கெட்டும் தூரத்துப் பொருள்களை ஆடுகிறவர் எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்க நேர்கிறது என்ற விவரத்தை எழுதியனுப்பினால் நன்றியுடன் வெளியிடுவோம்.