சீருடை விமானியின் விடுப்புக்கு விலை கொடுப்பது யார்?

சில வாரங்களுக்கு முன்பு, என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவர் நாகர்கோவிலில் என் வீட்டுக்கு வந்திருந்தார். பட்டம் பெற்றதும் இந்திய விமானப் படையில் குறுகிய காலப் பணியில் சேர்ந்தவர். ஏஎன்-32 போக்குவரத்து விமானத்தை ஓட்டியவர். அருணாசலப் பிரதேசத்தின் மெச்சுகா போன்ற, மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஓடுதளங்களில் சரக்கு இறக்கியவர். 14 ஆண்டுகள் நிறைவடைந்ததும் சீருடையைக் களைந்துவிட்டு, இப்போது தனியார் நிறுவனம் ஒன்றின் பயணிகள் விமானத்தை ஓட்டுகிறார். நல்ல சம்பளம், குறை ஒன்றும் சொல்லவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு ஒன்று கேட்டார்: "அங்க படிச்சதுல கால்வாசிதான் சார் இங்க வேண்டியிருக்கு. மீதிய என்ன செய்ய?"

மாதத்தில் மூன்று நான்கு நாள் பழைய படைத் தளத்துக்குப் போய்ப் பறந்துவிட்டு வர அவருக்கு விருப்பம். அமெரிக்காவில் அவரைப் போன்றவர்கள் அதைச் செய்கிறார்கள். ஏர் நேஷனல் கார்டு என்னும் மாநில விமானக் காவல் படையிலும், விமானப் படையின் சேமப் படையிலும் உள்ள விமானிகளில் பலருக்குப் பயணிகள் விமான நிறுவனங்களே பிழைப்பு. இந்தியாவில் அப்படிப் போய்ப் பறக்க இன்று ஒரு வாசல் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது உருவான இந்திய விமானப் படைத் தன்னார்வ சேமப் படை, கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகள் சிலவற்றை அமைத்தது. பறத்தல் கழகங்களில் கற்றவர்களும் பயணிகள் விமானம் ஓட்டியவர்களும் அவற்றில் சேர்ந்தார்கள். முதல் பிரிவு சென்னை பரங்கிமலையில் இருந்தது. இம்பீரியல் ஏர்வேஸ் வழித்தடத்தில் பயணிகளை ஏற்றிச் சென்ற அட்டலாண்டா விமானங்களே, 1941-இல் அரசால் எடுத்துக்கொள்ளப்பட்டு, ஓர் இயந்திரத் துப்பாக்கியுடன் வங்கக் கடலில் ரோந்து போயின. விமானமும் பகுதிநேரப் படைவீரர்போல் ஆகிவிட்ட காலம் அது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. திருவனந்தபுரத்தில் கர்னல் ஜி.வி. ராஜாவின் முயற்சியில் 1932-இல் தொடங்கிய பறத்தல் கழகத்தின் திடலே இன்று நாம் வளைகுடாவுக்கு விமானம் ஏறும் நிலையமாக வளர்ந்திருக்கிறது.

விடுதலைக்குப் பிறகும் இந்த எண்ணம் நீடித்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டாக்களில் தனியார் நிறுவன விமானங்களும் இருந்தன; ஓட்டியவர்களில் சீருடை அணியாதவர்களும் இருந்தனர். 1952-இல் நாடாளுமன்றம் சேம, துணை விமானப் படைகள் சட்டத்தை இயற்றியது. விமானப் படை சேமப் படை, வான் பாதுகாப்பு சேமப் படை, துணை விமானப் படை என மூன்று அமைப்புகளை அது வகுத்தது. 1955 முதல் சில நகரங்களில் துணைப் படைப் பிரிவுகள் தோன்றின. 53-ஆம் எண் கொண்டது சென்னைக்கு உரியது. வேறு வேலை பார்ப்பவர்கள் ஓய்வு நேரத்தில் வந்து ஹார்வர்ட் விமானங்களில் பயிற்சி பெற்றனர். 1960-களின் தொடக்கத்தில் அவை முழுநேரப் படையோடு கலந்து மறைந்தன. பிரிட்டனும் தன் துணைப் படையின் போர் விமானப் பிரிவுகளை 1957-இலேயே கலைத்துவிட்டது. ஜெட் விமானத்தை வார இறுதி விமானியிடம் ஒப்படைப்பது கடினம் என்று இரு நாடுகளும் முடிவு செய்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால், போக்குவரத்து விமானத்துக்கும் அதே முடிவு எப்படிப் பொருந்தும்?

என் துறை சார்ந்த கேள்வி இங்கேதான் எழுகிறது. கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' நூலில் பணிப் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பயன்படும் பயிற்சி ஒன்று. கற்றுக்கொடுத்த நிறுவனத்தில் மட்டுமே பயன்படும் பயிற்சி மற்றொன்று. முதல் வகைக்கு எந்த நிறுவனமும் மனமுவந்து செலவு செய்யாது. கற்றவர் அதை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். விமானப் படையோ இரண்டையும் பொதுப்பணத்தில் கற்றுக்கொடுக்கிறது. 14 ஆண்டுப் பணியே அதற்கு ஈடு. அது முடிந்ததும் முதல் வகைத் திறன் தனியார் நிறுவனத்துக்கு ஏறத்தாழ இலவசமாகப் போய்ச் சேர்கிறது. இரண்டாவது வகை, அதாவது மலை இடுக்கில் இறங்குவதும், தாழப் பறந்து பொதி போடுவதும், கடல் பரப்பில் தேடுவதும், எவருக்கும் பயனின்றித் துருப்பிடிக்கிறது. என் மாணவர் "மீதி" என்று சொன்னது இதைத்தான். பறக்காமல் இருந்தால் சில ஆண்டுகளில் அது கரைந்துவிடும். மாதம் சில நாள் பறந்தால் நிற்கும். புதியவர் ஒருவரைத் தொடக்கத்திலிருந்து உருவாக்குவதைவிட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அப்படியானால் ஏன் செய்வதில்லை? தேசப்பற்றுக் குறைவு என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதை நம்பவில்லை. எங்கள் கல்லூரியில் ஒரு பேராசிரியர் தேசிய மாணவர் படையின் அதிகாரியாக இருந்தார். ஆண்டுதோறும் பத்து நாள் முகாமுக்குப் போவார். அந்த நாள்களில் அவருடைய வகுப்புகளை நாங்கள் பிரித்துக்கொள்வோம். முதல் ஆண்டு மகிழ்ச்சியுடன் செய்தோம். மூன்றாம் ஆண்டு, "இந்த வருஷமும் முகாமா?" என்று கேட்டோம். நானும் கேட்டவன்தான். முகாமுக்கான படியை அரசு அவருக்குக் கொடுத்தது; அவர் இல்லாத வகுப்புக்கு எவருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. பகுதிநேரச் சேவையின் செலவு எப்போதும் இப்படிப் பக்கத்து மேசையில் போய் விழுகிறது.

பயணிகள் விமான நிறுவனத்தில் அந்தப் பக்கத்து மேசை மிகவும் குறுகலானது. 2025 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களையும் குறைக்கும் விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கூடுதல் ஓய்வைக்கூடத் தாங்கும் அளவுக்குக் கையிருப்பில் விமானிகள் இல்லை. கடைசியில் அரசுதான் விதியைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது. இப்படி விளிம்பில் ஓடும் நிறுவனத்திடம், "உங்கள் விமானியை மாதம் நான்கு நாள் படைக்கு அனுப்புங்கள்" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

அமெரிக்காவிலும் இது எளிதாக நடக்கவில்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் படைப் பணிக்குப் போகும் ஊழியரின் வேலையை மட்டுமன்றிப் பணிமூப்பையும் காக்கிறது. அவர் போகாமல் இருந்திருந்தால் எந்தப் படியில் நின்றிருப்பாரோ அந்தப் படியிலேயே திரும்பி வந்து நிற்கலாம். விமானிக்குப் பணிமூப்பே எல்லாம். எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த வழித்தடத்தில் பறப்பது, எப்போது கேப்டன் ஆவது என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது. இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் வழக்குகள் ஓயவில்லை. நோய் விடுப்புக்குச் சம்பளம் தரும் நிறுவனம், சில நாள் படை விடுப்புக்கும் தரவேண்டாமா என்று யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானி ஒருவர் தொடுத்த வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய, 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. யார் செலவு செய்வது என்ற கேள்வியை அங்கும் நீதிமன்றத்தில்தான் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் பிராந்திய ராணுவத்துக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அழைப்பின்பேரில் சென்றவரை நிறுவனம் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மறுத்தால் இழப்பீட்டுக்கு ஆறு மாத ஊதியத்தை அளவுகோலாக வைக்கிறது. பணிமூப்பை இழந்த விமானிக்கு அது ஈடாகாது. புகழ்பெற்றவர்களுக்குக் கௌரவப் பதவி வழங்குவதில் மட்டும் நாம் தாராளம். ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு 1948-இலேயே கொடுத்தோம், சச்சின் டெண்டுல்கருக்கு 2010-இல் கொடுத்தோம். அதில் தவறில்லை. ஆனால், 14 ஆண்டுகள் உண்மையிலேயே பறந்தவர் திரும்பிப் பறக்க முன்வந்தால் கொடுப்பதற்கு நம்மிடம் ஒரு விண்ணப்பப் படிவம்கூட இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கடந்தபோது வாழையும் ரப்பரும் சாய்ந்ததை நகரத்தில் இருந்த நாங்கள் பார்த்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய ஆண்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் விமானப் படையும் தேடின. தேடல் நாள்களைத் தாண்டி வாரங்களுக்கு நீண்டது. தாமதமாகத் தொடங்கியது, போதிய தொலைவு போகவில்லை என்ற கோபம் அந்த ஊர்களில் இன்றும் ஆறவில்லை. விமானிகள் குறைந்ததால்தான் அப்படி ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. எச்சரிக்கை போய்ச் சேராததே முதல் பிழை. ஆனால், அகன்ற கடலில் வாரக்கணக்கில் தேடுவது விமானத்தைவிட விமானியை முதலில் களைப்படையச் செய்யும் வேலை. அந்த நேரத்தில் மாற்றி அமர்த்த, ஏற்கெனவே பயிற்சி பெற்ற இரண்டாவது அணி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எந்தச் சேமப் படையும் அதற்காகத்தான். தென்னகத்துக்கான விமானப் படைத் தலைமையகம் 1984 முதல் திருவனந்தபுரத்தில், இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அந்த நகரத்திலிருந்தே பறக்கும் பயணிகள் விமானங்களிலும் முன்னாள் படை விமானிகள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

பாலம் கட்டுவதாக இருந்தால், போர் விமானத்தை விட்டுவிட வேண்டும். மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றபின் 42 படைப் பிரிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் 29 இருப்பது வேறு பிரச்சினை. பகுதிநேர விமானி அதற்கு மருந்தல்ல. போக்குவரத்து விமானத்தில் தொடங்கலாம். புதிதாக 56 சி-295 விமானங்கள் வாங்க ஒப்பந்தமாகி, அவற்றில் 40 வதோதராவில் டாட்டா ஆலையில் உருவாகின்றன. அதே குழுமம்தான் ஏர் இந்தியாவுக்கும் உரிமையாளர் என்பதால், பேச்சுவார்த்தைக்குத் தொலைவில் போகவேண்டியதில்லை. படையை விட்டு விலகிச் சில ஆண்டுகளே ஆனவர்களை மட்டும் சேர்க்க வேண்டும். விமானி வராத நாளுக்கு மாற்று விமானியை வைக்கும் செலவை அரசு நிறுவனத்துக்கே கொடுக்க வேண்டும். வெறும் சட்டக் கட்டாயத்தைவிட இது பலன் தரும். படையில் பறந்த மணிகளும் ஆண்டுக்கு 1,000 மணி என்ற உச்சவரம்பிலும் ஓய்வுக் கணக்கிலும் சேர வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் களைத்துப்போன விமானியிடம் 180 பயணிகளை ஒப்படைப்பதாக ஆகிவிடும்.

படைத் தரப்பில் தயக்கம் இருக்கும். அரைநேரக்காரரின் தரத்தை யார் உறுதி செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், முழுநேரக்காரருக்கு வைக்கும் அதே சோதனையை வைப்பதே பதில். இன்னொரு தரப்பை நான் கணக்கில் சேர்க்கவே மறந்திருந்தேன். இதையெல்லாம் நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, மாணவரின் மனைவி குறுக்கிட்டு, "லீவு நாளும் போயிட்டா, பிள்ளைய யார் சார் பார்ப்பா?" என்று கேட்டார். பாதுகாப்புப் பொருளியல் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இந்த வரி பெரும்பாலும் வருவதில்லை.

அவர் பதில் சொல்லாமல் செல்பேசியில் வந்திருந்த அடுத்த மாதப் பணி அட்டவணையைத் திறந்து, என் வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஓய்வு நாள்களை விரல் விட்டு எண்ணினார். மகளின் பள்ளி விழா ஒரு நாள், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போவது ஒரு நாள் என்று கழித்தார்.

"ரெண்டு நாள் மிஞ்சும் சார்," என்றார். "ஆனா யாருக்கு எழுதிக் கேக்கணும்?"