நொறுங்கிய காருக்கு என்ன விலை?

நெல் போக வைக்கோல், தவிடு, உமி எதையும் வீணாக்காத சீமை தஞ்சாவூர். அங்கே வீட்டுக் கார் மோதி நொறுங்கிவிட்டால் மட்டும் அவசரப்படலாமா, சகோதரிகளே?

இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாதீர்கள். ரிப்பேர் செலவு இன்ஷூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘முழு நஷ்டம்’ என்பது கணக்கு.

அப்புறம், எடைக்குப் போடுவதா, பிரித்து விற்பதா? எஞ்சின், கதவு, விளக்கு என்று பிரித்தால் சென்னைப் புதுப்பேட்டை வரை கிராக்கிதான். பணமும் கூடும், அலைச்சலும் கூடும். அலைய ஆளில்லாத வீட்டுக்கு எடைக்குப் போடுவதே நிம்மதி.

எப்படி விற்றாலும் ஆர்.சி.யைக் கூடவே கொடுத்துவிடாதீர்கள்! இனி ஓடாத வண்டியென்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்து அதை ஒப்படைக்கச் சொல்கிறது 1988-ஆம் வருஷத்துச் சட்டம். இல்லாவிட்டால், உங்கள் நம்பரை மாட்டிக்கொண்டு ஒரு திருட்டுக் கார் ஊர் சுற்றும். போலீஸ் தட்டுவதோ உங்கள் வீட்டுக் கதவை!