இரும்பு இளகினால் துரோகமா?

ஹெவி மெட்டல் என்று ஒரு சங்கீதம் இருக்கிறது. ‘கனத்த உலோகம்’ என்று பொருள். மின்சாரக் கிடாரும் டிரம்மும் சம்மட்டி அடிப்பதுபோல் முழங்கும். இந்தச் சங்கீதக் கோஷ்டிகளில் ஒன்று கொஞ்சம் இனிமையாகப் பாடிவிட்டால் போதும். விலை போய்விட்டார்கள், துரோகிகள் என்று ரசிகர்களில் ஒரு சாரார் கூச்சல் போடுகிறார்கள். முரட்டு ஒலி தொழிலாளியுடையது, இனிமை சீமான்களுடையது என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கு சரிதானா? இந்தச் சங்கீதம் பிறந்த இடத்துக்கே போய்ப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரம். அதில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதி. 1965-ல் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் ஒரு உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்தான். கிடார் வாசிப்பதையே தொழிலாகக் கொள்வதென்று முடிவு செய்து, அன்றோடு வேலையை விட இருந்தான். மத்தியானம் சாப்பிட வந்தவன் திரும்பிப் போக விரும்பவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாயார் அனுப்பி வைத்தார். அன்று பிரஸ் யந்திரத்தில் நிற்க வேண்டிய ஆள் வரவில்லை. பழக்கமில்லாத பையனை அதில் நிறுத்தினார்கள். யந்திரம் இறங்கியது. வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. இடது கைக்காரனான அவனுக்குத் தந்தியை அழுத்துகிற கை அதுதான்!

தோழர்களே, யந்திரத்துக்கு விரல் கொடுத்தவர்களை நாம் அறிவோம். அயோமி சோர்ந்துபோனார், ஆனால் ஓயவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்தார். பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிறகு சுருதியையும் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரல் நோவு குறைந்தது. ஒலியோ மேலும் கனத்தது.

1968-ல் அவரோடு சேர்ந்த மூவரும் அதே ஆஸ்டன் பிள்ளைகள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை செய்தவர். ‘பிளாக் சபாத்’ என்று பெயர் வைத்துக்கொண்ட இந்தக் கோஷ்டி, 1970-ல் ‘வார் பிக்ஸ்’ என்ற பாட்டில், ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொள்ளும் யுத்த வெறியர்களைச் சாடியது. வியட்நாம் எரிந்துகொண்டிருந்த காலம் அது.

இரண்டே வருஷத்தில், 1972-ல், இவர்களே ‘சேஞ்சஸ்’ என்ற பாட்டை வெளியிட்டார்கள். அதில் கிடார் இல்லை, டிரம்மும் இல்லை. அயோமி தாமாகவே கற்றுக்கொண்டு பியானோ வாசிக்கிறார். டிரம் வாசிக்கும் பில் வார்டு சும்மா இருக்கிறார். ஏன்? பாட்டே அவருடைய துயரம். மண வாழ்க்கை முறிந்த துயரம். துக்கப்பட்ட தொழிலாளிக்காகத் தோழர்கள் பாடியது துரோகமா?

1979-ல் ஆஸ்போர்ன் விலக்கப்பட்டார். அமெரிக்கப் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980-ல் வெளிவந்த ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஆல்பத்தில் மெட்டும் குரலும் முன்னே வந்தன. இன்றுவரை ரசிகர்கள் இரு கட்சியாக நின்று சண்டையிடுகிறார்கள்.

குறை சொல்லவே கூடாதென்பதல்ல. பணமும் போதையும் இந்தக் கோஷ்டியை அரித்தது மெய். யுத்த வெறியர்களைப் பெயர் சொல்லித் திட்டிய வேகம் 1980-ல் இல்லை. உருவகமும் மாயக் கதையும் மிகுந்தன. குறை சொல்வதானால் அதைச் சொல்லுங்கள். மெட்டு இனித்ததைக் குற்றமாக்காதீர்கள்!

உழைப்பாளிக்கு இரைச்சல்தான் புரியும், நயம் எட்டாது என்பது யாருடைய பேச்சு? முதலாளியின் பேச்சு. அதையே புரட்சிகரம் என்று நாமும் ஒப்பிப்பதா? நாற்று நடும்போது குலவையிட்ட அதே பெண்தான் இரவில் தாலாட்டும் பாடுகிறாள்.

2025 ஜூலை 5-ம் தேதி, ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் இவர்களின் கடைசிக் கச்சேரி நடந்தது. ‘வார் பிக்ஸ்’ ஒலித்த அதே மேடையில், அன்று ஒரு இளம் பாடகர் ‘சேஞ்சஸ்’ பாட்டையும் பாடினார். 17 நாள் கழித்து ஆஸ்போர்ன் காலமானார்.

எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, மீதி எட்டு மணி எங்களுக்கே என்று நம் முன்னோர் போராடியது எதற்காக? அந்த மீதி நேரத்தில் விரல்கள் முழுதாக இருக்க வேண்டும்; பாட்டும் இருக்க வேண்டும். கோபப் பாட்டும் நமதே, இன்பப் பாட்டும் நமதே!