கனடாவில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா?

உங்கள் அட்லஸில் வட அமெரிக்கா உள்ள பக்கத்தை எடுங்கள். மேலே பரந்து கிடக்கிறதே, அதுதான் கனடா. பரப்பளவில் ரஷ்யாவுக்கு அடுத்து உலகின் இரண்டாவது பெரிய நாடு. நம் இந்தியாவைப் போல மூன்று மடங்கு! ஆனால், அதன் மக்கள்தொகை 4 கோடியைத் தொட்டதே 2023ஆம் ஆண்டில்தான்.

2024 செப்டம்பரில் அமெரிக்கத் தேர்தல் பிரசாரத்தில் டொனால்டு டிரம்ப் ஒரு கருத்தைச் சொன்னார். வடக்கே, கனடா பக்கம், மிகப் பெரிய குழாய் ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பிவிட்டால் வறண்ட கலிபோர்னியாவுக்குத் தண்ணீர் வந்துவிடும் என்பது அதன் சாரம். சில மாதங்களில் அவர் மீண்டும் அதிபரானார். அப்படி ஒரு குழாய் உண்டா? வாருங்கள், வரைபடத்தையே கேட்போம்.

முதலில் கனடாவின் நில அமைப்பைப் பார்ப்போம். மேற்கே ராக்கி மலைத்தொடர். நடுவே கோதுமை விளையும் சமவெளி. அதற்குக் கிழக்கே, ஹட்சன் விரிகுடாவைக் குதிரை லாடம் போலச் சுற்றி நிற்பது கனடியக் கேடயம். இது கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைமையான பாறை நிலம். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பாதி. பனியுகத்தில் பிரமாண்டமான பனிப்பாளங்கள் இந்தப் பாறையைச் சுரண்டிச் சென்றன. அந்தப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கியதால்தான் அங்கே எண்ண முடியாத அளவுக்கு ஏரிகள்.

தெற்கு எல்லையில் ஐம்பெரும் ஏரிகள் உள்ளன. மிச்சிகன் ஏரி மட்டும் முழுதும் அமெரிக்காவில்; சுப்பீரியர், ஹூரான், ஈரி, ஒண்டாரியோ ஆகிய நான்கும் இரு நாடுகளுக்கும் பொது. உலகில் நிலத்தின் மேல் உள்ள நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஏரிகளில் இருக்கிறது. அந்த நீர் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியே அட்லாண்டிக் கடலைச் சேர்கிறது.

இனி ஒரு வேடிக்கை. ராக்கி மலையில் கொலம்பியா பனிவயல் என்று ஓர் இடம். அங்கே உருகும் பனிநீர் மூன்று பக்கமாகப் பிரிகிறது. ஒரு பங்கு கொலம்பியா ஆற்றில் சேர்ந்து பசிபிக் கடலுக்குப் போகிறது. இன்னொரு பங்கு அதபாஸ்கா, மெக்கன்சி ஆறுகள் வழியே ஆர்க்டிக் கடலுக்கு. மூன்றாவது பங்கு சஸ்காச்சுவான் ஆறு வழியே ஹட்சன் விரிகுடாவுக்கு! ஆறு போகும் பாதையை மனிதர்கள் வரைவதில்லை. மேடும் பள்ளமும் வரைகின்றன.

அதனால் என்ன ஆனது? கனடாவின் நன்னீரில் ஏறத்தாழ 60 சதவீதம் வடக்கு நோக்கி ஓடுகிறது. மக்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் வசிப்பதோ தெற்கு எல்லையை ஒட்டி! தண்ணீர் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம்.

அப்படியானால் தெற்கே போகும் பெரிய ஆறு எது? கொலம்பியாதான். பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பிறந்து, முதலில் வடக்கே போய், பிறகு வளைந்து அமெரிக்காவுக்குள் நுழைகிறது. சுமார் 2,000 கிலோமீட்டர் பயணம். அதன் வடிநிலத்தில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் கனடாவில் உள்ளது. ஆனால், ஆற்றில் ஓடும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கிருந்துதான் வருகிறது.

1948இல் இந்த ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் வான்போர்ட் என்ற ஊரே அழிந்தது. அதன் பிறகுதான் இரு நாடுகளும் உட்கார்ந்து பேசின. கொலம்பியா ஆற்று ஒப்பந்தம் 1961இல் கையெழுத்தாகி, 1964இல் நடைமுறைக்கு வந்தது. கனடா தன் மண்ணில் மூன்று அணைகள் கட்டி வெள்ளத்தைத் தடுத்துக் கொடுத்தது. அதற்காக, 60 ஆண்டுகளுக்கு என்று அமெரிக்கா 6 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. அணைகளால் கீழே கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்தின் பயனில் பாதி கனடாவுக்கு.

எல்லோருக்கும் லாபமா? இல்லை, குழந்தைகளே. அணைநீர் ஏறியதால் கனடாவில் 2,000க்கும் மேற்பட்டோர் வீடு, நிலத்தை இழந்தனர். ஆற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்களை யாரும் கலந்து பேசவில்லை. அமெரிக்கப் பகுதியில் அதற்கு முன்பே கட்டிய கிராண்ட் கூலி அணையால், கடலிலிருந்து நீந்தி வரும் சால்மன் மீன்களும் மேலே வர முடியாமல் போயின.

அந்த 60 ஆண்டு ஏற்பாடு 2024 செப்டம்பரில் முடிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இரு நாடுகளும் புதிய உடன்பாட்டின் அடிப்படை அம்சங்களை ஒப்புக்கொண்டிருந்தன. ஆனால், 2025 மார்ச்சில் அமெரிக்கா பேச்சுவார்த்தையை நிறுத்தி வைத்தது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கொலம்பியா ஆறு கலிபோர்னியாவுக்குப் போவதே இல்லை. அதற்கு வடக்கிலேயே கடலில் கலந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே மலைகள். தண்ணீரைக் கொண்டுபோக வாய்க்காலும் இல்லை, குழாயும் இல்லை. புதிதாக வெட்டி, மலைமேல் ஏற்றுவதென்றால் அதற்கு எவ்வளவு பணம், எவ்வளவு மின்சாரம் வேண்டும், யோசியுங்கள்! மீனுக்கும் உழவருக்கும் மின் நிலையத்துக்கும் யார் பதில் சொல்வது?

இவ்விரு நாடுகளும் 1909ஆம் ஆண்டிலேயே எல்லை நீர் ஒப்பந்தம் செய்துகொண்டவை. நாட்டுக்கு மூவராக ஆறு பேர் கொண்ட கூட்டு ஆணையமும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவை பேசித்தான் தீர்த்து வந்தன. கொலம்பியாவுக்கும் அதுவே வழி.

பெரியவர்கள் சொன்னாலும், செய்தித்தாளில் வந்தாலும், ஆற்றைப் பற்றிய பேச்சைக் கேட்டால் உடனே நம்பிவிடாதீர்கள். அது எங்கே பிறக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது, கரையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்று மாலையே கொலம்பியா ஆற்றின் மேல் விரலை வைத்து, கடல் வரை நகர்த்திப் பாருங்களேன்!