சாலையோரக் கொடி சொன்ன பாடம்

பிரான்சு நாட்டில் போர்டோ நகருக்குக் கிழக்கே செயின்ட் எமிலியோன் என்ற பழமையான ஊர் உள்ளது. ரோமானியர் காலந்தொட்டே அங்குத் திராட்சை விளைகிறது. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தெடுத்த கல்லால் வீடுகளைக் கட்டினர். கல் எடுத்த குகைகளில் ஒயின் பீப்பாய்களை அடுக்கினர். 1999-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இத்தகைய ஊருக்குக் கல்விச் சுற்றுலா வரும் வேளாண் மாணவர்கள் நிலவறையையும் குடைவரைக் கோயிலையும் மட்டும் பார்த்துத் திரும்பினால், வந்த பயன் பாதிதான். மீதிப் பாடம் தோட்டத்தில் இருக்கிறது.

இதற்கு அந்த மாவட்டமே சான்று. 1882-இல் அடிச்சாம்பல் நோய் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்துவந்தது. போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, மேடோக் பகுதியிலுள்ள செயின்ட் ஜூலியன் ஊர் வழியே சென்றபோது, சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் இருக்கக் கண்டார். இலைகளில் நீலப் பூச்சு படிந்திருந்தது. விசாரித்ததில், வழிப்போக்கர்கள் பழம் பறிப்பதைத் தடுக்க, விஷம்போல் தோன்றட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்ததாகத் தெரிந்தது. திருட்டுக்குச் செய்த காவல், நோய்க்கும் காவலாகியிருந்தது! ஆய்ந்து பார்த்து 1885-இல் அவர் வெளியிட்ட அந்த மருந்தே நாம் இன்றும் தெளிக்கும் போர்டோ கலவை.

ஒரு சதக் கலவைக்கு, ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியை நனைத்துப் பார்த்துச் செம்பு படிந்தால் மேலும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்துவிடுவது நலம்.

விவசாயி செய்ததைப் பேராசிரியர் கேட்டறிந்தார், கேட்டதைச் சோதித்தார். சுற்றுலாவின் இலக்கணம் இதுவே. மாணவர்களை அனுப்பும் கல்லூரிகள், பயண நாட்களில் பாதியையாவது சிறு விவசாயியின் வரப்பில் கழிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும்.

விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. கிராமத் தங்கல் திட்டத்தில் மாணவர்கள் ஊருக்கு வரும்போது, காப்பி கொடுத்து அனுப்பிவிடுவதோடு நிற்கக் கூடாது. நன்கு விளைந்த பாத்தியையும், நோய் தாக்காத ஓரத்தையும் காட்டி, தாம் செய்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த மருந்து எந்த வரப்பில் காத்திருக்கிறதோ, யார் அறிவார்?