கொழுப்பை அறியும் குடல்

நெய்யும் பலகாரமும் சேர்ந்த விருந்துண்டவருக்கு மாலை வரை பசி தோன்றுவதில்லை. வெறுங் கஞ்சி குடித்தவரோ சிறிது நேரத்திலேயே மறுபடியும் அடுக்களைப் பக்கம் பார்க்கின்றார். இருவருக்கும் வயிறு நிறைந்தது உண்மையே. பின் ஏன் இந்த வேற்றுமை?

இதற்கு விடை, பெரிதும் இரைப்பையை அடுத்துள்ள சிறுகுடலிற் கிடைக்கின்றது. அதன் உட்சுவரிலுள்ள கலங்களுட் பெரும்பாலானவை உணவுச் சத்தை உறிஞ்சுவன. அவற்றிடையே, நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிற் சிதறிக் கிடக்கும் சில கலங்களுக்கு மட்டும் வேறு தொழில் உண்டு. குடலினுள் வருவது யாதென அறிந்து, ஓமோன்களின் மூலம் பிற உறுப்புகளுக்கு அறிவிப்பதே அத்தொழில்.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கலங்கள் எண்ணெயை எண்ணெயாகவே இனங்காண்பதில்லை. சதையி சுரக்கும் நொதியம் அதனைக் கொழுப்பமிலங்களாகப் பிரித்த பின்னரே, கலங்களின் மேலுள்ள 'வாங்கிகள்' என்னும் புரதங்கள் அவற்றை உணர்கின்றன. அவ்வமிலங்களுள்ளும், பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காபன் அணுக்களைக் கொண்டவையே கலங்களை நன்கு தூண்டுவன.

தூண்டப்பட்ட கலம் கொலிசிஸ்ரோகைனின் என்னும் ஓமோனைக் குருதியில் விடுகின்றது. 'பித்தப்பையை இயக்குவது' என்பது இப்பெயரின் பொருள். அமெரிக்க விஞ்ஞானிகளான ஐவியும் ஓல்ட்பேர்க்கும் 1928 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். இதன் ஏவலாற் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைக் குடலிற் பாய்ச்சும். சதையி மேலும் நொதியங்களைச் சுரக்கும். இரைப்பை தன் உணவை மெல்ல மெல்லவே வெளியேற்றும். அத்துடன், நரம்பு வழியாக 'போதும்' என்னும் செய்தி மூளைக்குச் செல்லும். இந்த ஓமோனை ஏற்றிய எலிகள் குறைவாக உண்டதை 1973 இல் நிகழ்ந்த ஆய்வொன்று காட்டிற்று.

இச்செய்தி மூளையை அடையச் சிறிது நேரம் வேண்டும். அவசரமாக உண்பவர், அது வருமுன்னரே தேவைக்கு மேல் உண்டுவிடுகின்றார். ஆதலின், பிள்ளைகளை விரைந்து உண்ணும்படி நெருக்குதல் நன்றன்று.

இன்னுமொன்று. பித்தப்பையிற் கல் உள்ளவர் கொழுப்புணவு உண்டால், சுருங்கும் பை அக்கல்லை வாயிலில் நெருக்கி அடைக்கக்கூடும். உண்ட சில மணி நேரத்துள் வலப்பக்க மேல்வயிற்றிற் கடும் நோவு எழுவது இதனாலேயே. அதனை வாயு என்று எண்ணிச் சுக்குக் கஷாயத்துடன் அமைந்துவிடலாகாது. வைத்தியரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலோ கண் மஞ்சளித்தலோ உடன் தோன்றின், ஒரு நாளும் தாமதித்தல் தகாது.